துளையில்லாத குழலுக்கு இரண்டு சொந்தக்காரர்

போன மாதம் டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் இசைவிழா என்று பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய மகள் புல்லாங்குழல் வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். அதற்குப் பிறகு கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்தார். உலகத்தில் உள்ள குழல் எல்லாவற்றுக்கும் தாய் எங்கள் குழல்தான் என்றார். சீனாக்காரன், ஆபிரிக்காக்காரன், இந்தச் சுவிஸ் மலையில் மாடு மேய்க்கிறவன், எல்லாரும் எங்களிடமிருந்துதான் எடுத்தார்களாம். சனம் கைதட்டியது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் வாயில் வடையை வைத்துக்கொண்டே தட்டினார்.

எனக்கு எழும்பி ஒரு சொல் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் சபையில் வாய் திறக்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்கிற ஆள். அதனால் என் பங்கு வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ஓல்டன் ரயிலில் ஏறிவிட்டேன். யன்னலோரம் இருந்து யோசித்தால், அந்த மைக் பிடித்தவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முகத்தை அல்ல, அந்த நெஞ்சு நிமிர்த்தலை. பிறகுதான் பிடிபட்டது. அதே நெஞ்சு நிமிர்த்தலை ஒரு சலவை அறையில், இரண்டு வெள்ளைக்காரரிடம், அலுக்க அலுக்கப் பார்த்திருக்கிறேன். மைக் பிடித்தவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் ஓல்டனுக்கு வந்தபோது என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படிப்பும் ஒரு குளிர்ச்சட்டையும் இருந்தன. குளிர்ச்சட்டை தேவாலயத்தில் கொடுத்தது. அகதி விண்ணப்பம் யாரோ ஒருவருடைய மேசையில் கிடந்தது. என் மனுசன் ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஆறு ஓடுவது தெரிகிற ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆறு மேல் மாடிக்காரருக்குத்தான் தெரிந்தது. நான் நிலத்துக்குக் கீழே சலவை அறையில் நின்றேன். எனக்கு அது நல்ல வேலையாகப் பட்டது. துணி யாரையும் எந்த ஊர் என்று கேட்காது.

சூடான விரிப்பின் மணம் இப்போதும் எங்கேயாவது வந்தால் எனக்கு யோனுடைய மீசை ஞாபகம் வரும். ஈரமும் சவர்க்காரமும் அந்த மீசையில் எப்போதும் நின்றன. யோன் ருமேனியாக்காரன், என்னோடு விரிப்பு மடிக்கிறவன். ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனையை நான். மடிக்கும்போதெல்லாம் ருமேனியாவின் அருமை சொல்லுவான். உருளைக்கிழங்கா, அங்கேதான் ருசி. கம்பளியா, அங்கேதான் மென்மை. அவ்வளவு நல்ல நாட்டை விட்டு ஏன் எல்லை பாய்ந்து ஓடி வந்தாய் என்று கேட்க எனக்கு வாய் வரும். பிறகு, நானும் ஓடி வந்தவள்தானே என்று அடுத்த விரிப்பை எடுப்பேன்.

மற்ற ஆள் கோவாச். இல்லத்தின் பராமரிப்பாளர். குழாய் ஒழுகினால், பல்ப் போனால் அவர்தான். ஹங்கேரிக்காரர், எங்களுக்கு முப்பது வருடத்துக்கு முந்தி வந்து சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்தவர். தான் எங்களைப் போல வந்தேறி அல்ல என்று காட்டுவதற்காகவே சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நடப்பார். ஆனால் விசாரித்தால், அவர் பிறந்ததும் யோன் பிறந்ததும் ஒரே மலைத்தொடரில்தான். அந்த மலை ஒரு காலம் ஹங்கேரியோடும் ஒரு காலம் ருமேனியாவோடும் மாறி மாறி இருந்ததாம். மலை என்னவோ நின்ற இடத்தில்தான் நின்றிருக்கிறது.

எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன். ஆனால் என் நினைவில் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் சண்டை பிடிக்கிறார்கள். காதில் விழுகிறபடியே எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

ஒரு வசந்தத்தில் யோனுக்கு ஊதல் ஆசை வந்தது. ஆற்றோரத்தில் தலைமயிரை விரித்துப் போட்ட மாதிரி நிற்குமே ஒரு மரம், அதன் கொப்பு ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தான். கத்திப் பிடியால் பட்டையை மெல்ல மெல்லத் தட்டி, முறுக்கி, சட்டையைக் கழற்றுகிற மாதிரி முழுதாக உருவி எடுத்தான். அதுதான் குழல். விரல் வைக்க ஒரு துளையும் கிடையாது. மேல் முனையில் ஊதி, கீழ் முனையை ஒரு விரலால் மூடித் திறக்க வேண்டும். மூடினால் ஒரு சுரம், திறந்தால் ஒன்று, மூச்சை இறுக்கினால் இன்னொன்று. ஊதும்போதே தொண்டைக்குள் ம்ம்ம் என்று ஒரு முனகலும் கூடவே போகும். குழலும் ஆளும் சேர்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், கேட்க நன்றாக இருந்தது.

நாங்களும்தான் சின்ன வயதில் பூவரசம் இலையைச் சுருட்டி ஊதினோம். பக்கத்துக் குறிச்சிப் பிள்ளைகளும் ஊதினார்கள். அந்தப் பீப்பீக்கு ஒருத்தரும் பரம்பரை விசாரிக்கவில்லை. இங்கே அப்படி அல்ல.

பட்டைக் குழல் சலவை அறைச் சூட்டுக்குக் காய்ந்து வெடித்துவிட்டது. யோன் கோவாச்சின் சாமான் அறையில் கிடந்த மெல்லிய இரும்புக் குழாயில் முழ நீளம் அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்து வேறொன்று செய்தான். கோவாச் அறுபட்ட மிச்சக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க இறங்கி வந்தார்.

"என்ர குழாயை ஆர் வெட்டினது?"

யோன் பின்னுக்கு ஒளித்ததைப் பறித்தார். ஒரு சுவிஸ்காரன் பார்த்திருந்தால் அது வெறும் இரும்புத் துண்டு. கோவாச் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏச வந்த மனிதர் அதை வாயில் வைத்தார். அவருடைய சுட்டுவிரல் தானாகவே போய்க் கீழ் முனையை மூடியது. ஊதினார். காற்றுத்தான் வந்தது. அவருக்கு முந்தின குளிர்காலம்தான் பொய்ப்பல் கட்டியிருந்தார்கள். உதடு பழைய இடத்தில் நிற்கவில்லை.

"டிலிங்கா," என்றார். "இது எங்கட சாமான். நீ எங்க பழகினனி?"

"டிலிங்கா எண்டது எங்கட சொல்லு," என்றான் யோன். "நீங்கள் குதிரையில வந்து இறங்கின ஆக்கள். குதிரையில இருந்துகொண்டு ஆரும் டிலிங்கா ஊதுறதோ?"

"உங்கட இடையருக்கு ஊதப் பழக்கினதே நாங்கள்தான். அதுக்கு முதல் நீங்கள் ஆட்டை விசிலடிச்சுத்தான் கூப்பிட்டனீங்கள்."

இப்படியே போனது. குழலும் ஒன்று. பெயரும் ஒன்று. தொண்டைக்குள் முனகுகிறதும் ஒன்று. யோன் ஊதியது சாயங்காலம் ஆட்டை மலையிலிருந்து இறக்கும்போது ஊதுகிற மெட்டு, அதுவும் கோவாச்சுக்கு அப்படியே தெரிந்திருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், மெட்டின் முடிவு. கோவாச்சின் ஊரில் அது படியிறங்குகிற மாதிரிக் கீழே வந்து முடியுமாம். யோனுடைய ஊரில் மேலேயே தொங்கிக்கொண்டு நிற்குமாம். அந்தச் சின்ன வாலுக்காக இரண்டு பேரும் ஒரு முழு மலையை இழுத்துக்கொண்டு நின்றார்கள். மலைச்சரிவில் ஆடு மேய்க்கிறவன் எதிர்ச்சரிவுக்காரன் ஊதும்போது காதைப் பொத்திக்கொண்டா நிற்பான்? கேட்பான், நல்லதாக இருந்தால் தானும் ஊதுவான். இரண்டு பக்கத்து ஆடும் கலந்துதான் மேய்ந்திருக்கும். இது ஐந்தாம் வகுப்புக்கு விளங்குகிறது. அவர்களுக்கு விளங்கவில்லை.

வீட்டில் மனுசனிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இஞ்சாரும், உமக்கேன் வெள்ளைக்காரன்ர சண்டை? எங்கட சண்டை காணாதோ?" என்றார். அதுவும் சரிதான். அந்தக் கிழமைதான் எங்கள் ஆட்கள் சித்திரை வருடப்பிறப்புக்கு எந்த ஊர்க்காரர் மேளம் என்று அடிபட்டுக்கொண்டு இருந்தார்கள்.

நான் பேசாமலே இருந்திருப்பேன். இலோனா வந்து குறுக்கே நின்றார்.

இலோனா கோவாச்சின் மூத்த அக்கா. அதே இல்லத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, கற்ற ஜெர்மன் எல்லாம் அழிந்துபோய்விட்டது. பிறகு சாப்பாட்டையும் விட்டார். வாயை இறுக மூடிக்கொள்வார். மூன்றாம் மாடித் தாதி ரூத், நல்ல மனிசி, கறாரானவர், இப்படியே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கில் குழாய் போடவேண்டும் என்று கோவாச்சிடம் சொல்லிவிட்டார். கோவாச் அன்று சாவிக்கொத்தைக் குலுக்காமல் நடந்தார்.

அந்த இல்லத்தில் அழுக்குத் துணியைக் கீழே அனுப்பச் சுவருக்குள் ஒரு பெரிய தகரக் குழாய் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு சின்னக் கதவு. மூன்றாம் மாடிக் கதவு இலோனாவின் அறைக்கு நேரே. நான் மடித்த விரிப்பு வைக்கப் போயிருந்தேன். கீழே யோன், அந்த இடத்தில் சத்தம் எடுப்பாக வருகிறதென்று, தகரக் குழாயின் வாயில் நின்றுதான் ஊதுவான். அவன் ஊதியது அதற்குள்ளால் ஏறி வந்தது. ரூத் கரண்டியோடு அலுத்துப்போய் இருந்தார். இலோனா தலையைத் திருப்பினார். வாய் திறந்தது. ரூத் டக்கென்று கரண்டியை வைத்தார். இலோனா விழுங்கினார். கீழே யோன் நிறுத்தினான். வாயும் மூடிக்கொண்டது.

ரூத் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்று நான் பேசிய அளவு அந்த வருடம் முழுக்கப் பேசியிருக்க மாட்டேன். யோனிடம் போய் மேலே வந்து ஊது என்று கேட்டேன். "அவர் வந்து கேக்கட்டும்," என்றான். கோவாச்சிடம் போனேன். "ஒரு ருமேனியனிட்ட நான் கேக்கிறதோ? என்ர அக்காவுக்கு நான் ஊதுறன்," என்றார். குழலை என்னைக்கொண்டு எடுப்பித்து, கொதிகலன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே கேட்டது வெறும் புஸ் புஸ். பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டும் ஊதிப் பார்த்திருக்கிறார். பல்லைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தபோது எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. மேலே ஒரு மனிசி பட்டினி கிடக்கிறார், இவர் கீழே கொடி ஏற்றிக்கொண்டு நிற்கிறார் என்றுதான் தோன்றியது. மற்றவன் மட்டும் என்ன, கேட்டால்தான் ஊதுவானாம்.

ரூத்துக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானம் இரண்டு பேரையும் மேலே வரச் சொன்னார். ஹங்கேரி, ருமேனியா எல்லாவற்றையும் கீழேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்றார். கரண்டியை என் கையில் தந்தார். பேசாத ஆள் ஒருத்தியாவது அந்த அறையில் வேண்டும் என்று நினைத்திருப்பார்.

யோன் கட்டிலின் காலடியில் நின்று ஊதினான். இலோனா வாயைத் திறந்தார். பாலில் காய்ச்சிய ரவை, ஒரு வாய், இன்னொரு வாய். மெட்டு முடிவுக்கு வந்தது. கதவடியில் நின்ற கோவாச்சுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பிடி இல்லை. கீழ இறங்க வேணும்."

யோன் குழலை வாயிலிருந்து எடுத்தான். "இறங்குறது உங்கட ஆடு. எங்கட ஆடு மேல நிக்கும்."

தொடங்கிவிட்டது. யார் யாருக்குப் பழக்கியது, யார் முதல் வந்தது, யாருடைய பாட்டன். இலோனாவின் வாய் மூடிக்கொண்டது. நான் கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறேன். ரவை ஆறி ஆடை படர்கிறது.

அப்போது இலோனா ஏதோ சொன்னார். அவ்வளவு நாளும் அவருடைய குரலை நான் கேட்டதில்லை. தம்பியைப் பார்த்து ஒரு முறை சொன்னார். பிறகு யோனைப் பார்த்து வேறு பாஷையில் சொன்னார். கலந்த ஊரில் வளர்ந்தவர், இரண்டும் தெரியும். ஜெர்மன் அழிந்த இடத்தில் இரண்டும் பத்திரமாக இருந்தன. இரண்டு ஆம்பிளைகளும் காது சிவக்க நின்றார்கள். என்ன சொன்னார் என்று ரூத் கேட்டார்.

"வாயைப் பொத்திக்கொண்டு ஊதட்டாம்," என்றான் யோன்.

"அது அவனுக்குச் சொன்னது," என்றார் கோவாச்.

"இல்லை. ஊதச் சொன்னது எனக்கு. வாயைப் பொத்தச் சொன்னது உனக்கு."

யோன் மறுபடி ஊதினான். முடிவு வந்ததும் இந்த முறை பயந்து நிறுத்திவிட்டான். மேலே தொங்கவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. அந்த இடைவெளியில், தொண்டைக்குள்ளிருந்து, மிக மெதுவாக, இலோனா அதை முடித்தார். அது கோவாச்சின் முடிவும் அல்ல, யோனுடையதும் அல்ல. எங்கேயோ ஒரு பக்கமாகத் திரும்பி, கொஞ்சம் நின்று, போய்விட்டது. முடித்துவிட்டு வாயைத் திறந்தார். நான் ரவையை வைத்தேன்.

"கேட்டியோ, எங்கட முடிவு," என்றார் கோவாச்.

"கேட்டியோ, எங்கட முடிவு," என்றான் யோன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ரூத் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஆஸ்பத்திரிப் பேச்சு நின்றது. அந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு மத்தியானமும் இதே கூத்து. யோன் முடிவு வரைக்கும் ஊதி நிறுத்துவான். இலோனா தொண்டைக்குள் முடிப்பார். அதற்குள் இவர்கள் இருவரும் வாசல் நடையில் போய் நின்று, அது எங்களுடையது, இல்லை எங்களுடையது என்று தொடங்கிவிடுவார்கள். அவர் முனகும் சத்தம் அவர்களுடைய சத்தத்துக்குள் அமிழ்ந்துபோகும். என் பாடு வேறு. முனகும்போது கரண்டியை வைத்தால் புரைக்கேறிவிடும் என்று ரூத் எச்சரித்திருந்தார். தொண்டை அசைவு நிற்கும்வரை கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, நின்றவுடன் வைக்க வேண்டும். ஒரு கிழவியின் தொண்டையை அவ்வளவு கவனமாக நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

இலையுதிர்காலத்தில் இலோனா மெலிந்துகொண்டு வந்தார். ஒரு நாள் தம்பியையும் யோனையும் பக்கத்தில் கூப்பிட்டு, தன்னைப் புதைக்கும்போது அதை ஊத வேண்டும் என்று இரண்டு பாஷையிலும் கேட்டிருக்கிறார். இருவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். யோன் அழுதுகூட விட்டான். கொஞ்ச நாளில் அவர் நித்திரையிலேயே போய்விட்டார்.

அடக்கத்துக்குச் சேமக்காலைக்கு நானும் போனேன். அவ்வளவு நாளும் கரண்டியால் சாப்பாடு தீத்திய கை, போகாமல் இருக்கக் கூடாது என்று பட்டது. கோவாச் கறுப்புக் கோட்டில் நின்றார். யோன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் நின்றான். குழல் அந்தக் கோட்டுக்குள் இருந்தது. முனை கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்தது. பாதிரியார் ஜெபம் முடித்து, இப்போது ஊதலாம் என்று கண்ணைக் காட்டினார்.

கோவாச் யோனிடம் கிட்டப் போனார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், பின்னால் நின்ற எனக்குக் கேட்டது.

"கீழ இறக்கி முடிக்கிறதெண்டால் ஊது. இல்லாட்டி வேண்டாம்."

"என்ர முடிவோட ஊதுறன். இல்லாட்டி ஊதேல்லை."

பாதிரியார் காத்திருந்தார். ரூத் காத்திருந்தார். நானும், இரண்டு பேரில் ஒருத்தனுக்காவது வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெட்டி இறங்கியது. மண் விழுந்த சத்தம் கேட்டது. கோவாச் குனிந்து பூப் போட்டபோது சாவிக்கொத்து கிலுங்கியது. இலோனாவுக்குக் கிடைத்த இசை அவ்வளவுதான்.

அடுத்த கிழமை நான் தலையணை உறை மடித்துக்கொண்டு நிற்கிறேன், இருவரும் ஒன்றாகச் சலவை அறைக்குள் வந்தார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். கோவாச் தொண்டையைச் செருமினார்.

"அக்கா எப்பிடி முடிப்பா? நீ பக்கத்திலதானே நிண்டனி."

"எங்களுக்கு ஞாபகம் இல்லை," என்றான் யோன்.

என்னிடம் கேட்கிறார்கள். மலையிலும் பிறவாத, குழலும் தொடாத என்னிடம். வாழ்க்கையில் ஒருத்தருடைய முகத்தையும் நேரே பார்த்துப் பதில் சொல்லாத நான் அன்று இரண்டு முகத்தையும் பார்த்தேன்.

"நான் தொண்டையையும் கரண்டியையும்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றேன்.

யோன் குழலை எடுத்து ஒரு மாதிரி முடித்துக் காட்டினான். அதில்லை என்றேன். கோவாச் வாயால் ஒரு மாதிரி முனகினார். அதுவுமில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும்வரைக்கும் வளைத்தார்கள், நெளித்தார்கள். எது இல்லை என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

தசாப்தம் முடிகிற நேரத்தில் ருமேனியாவில் ஆட்சி கவிழ, யோன் தன் உருளைக்கிழங்குக்குத் திரும்பிப் போனான். கோவாச் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வரவில்லை. சில வருடத்தில் அவரும் அக்காவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். இல்லத்தை இடித்துக் கண்ணாடி யன்னல் வைத்த அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இப்போது அங்கே எல்லாருக்கும் ஆறு தெரியும். கீழே இறங்குகிற முடிவையும் மேலே தொங்குகிற முடிவையும் இன்றைக்கும் யாராவது எங்கேயாவது நெஞ்சை நிமிர்த்தி ஊதிக்கொண்டிருப்பார்கள், அவற்றுக்குக் குறைவு வராது. இலோனா முடித்த மாதிரி முடிக்க ஒருத்தரும் இல்லை. அதைத்தான் இரண்டு பேரும் கோடை முழுக்கத் தங்களுடையது என்று சொன்னார்கள்.